பிசகு என்னும் ஒரு சொல்



எம் உறவினர் ஒருவர் மஸ்ஜித் இந்தியாத் தெருவிலுள்ள துணிக்கடையொன்றின் படியில் வழுக்கிக் கையூன்றி விழுந்தார். "கை பிசகிவிட்டது" என்றார். உடன்சென்ற பேரன் அதனை மலாயில் 'தெர்செலியோ' எனப் பெயர்த்தான். அச்சொல் சுளுக்கையே குறிக்கும். மூட்டு நழுவலுக்குத் 'தெர்கெஹெல்' என்றும், முறிவுக்குப் 'பாத்தா' என்றும் அம்மொழியில் வேறு சொற்கள் உண்டு. நம் 'பிசகு' மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது. நழுவிய மூட்டு தானே இடம் திரும்பியிருந்ததால் வெளியே வீக்கம் மட்டுமே தெரிந்தது. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டனர். ஆறு நாள் கழித்தே எக்ஸ்ரே எடுக்கப்பட்டது.

நழுவல் மட்டுமன்றி, ஆரை எலும்பின் தலையும், முழங்கையை முன்புறம் தாங்கும் சிறுமுனையும் முறிந்திருந்தன. இம்மூன்றும் சேர்ந்த நிலைக்கு ஹாட்ச்கிஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1996இல் 'கொடிய மும்மை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அச்சிறுமுனையின் ஆங்கிலப் பெயரான 'கொரோனாய்டு', காகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. காகமூக்குப்போல் வளைந்தது என்பது பொருள். 'காகமூக்கு முனை' என்றால் நோயாளிக்கும் விளங்கும் அன்றோ?

இக்காயத்தில் மருத்துவர் முதலில் கையின் நாடியையும் விரல்களின் உணர்ச்சியையும் சோதிப்பர். எக்ஸ்ரேயில் தப்பும் சில்லுகளை சி.டி. ஸ்கேன் காட்டும். அறுவையில் உள்ளிருந்து வெளியாக, முதலில் காகமூக்கு முனையைப் பொருத்துவர். பின்பு ஆரைத் தலையைத் திருகாணியால் இணைப்பர். அது நொறுங்கியிருப்பின் உலோகத் தலை வைப்பர். இறுதியில் மூட்டின் வெளிப்புறப் பிணைப்பு நாரைத் தைப்பர். அதன்பின்னும் மூட்டு தளர்ந்தால் உட்புறத்தையும் சீர்செய்வர். நெடுநாள் அசையாதிருந்தால் முழங்கை இறுகிவிடும்; ஆகவே விரைவில் பயிற்சி தொடங்குவர்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர்தம் 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. மருத்துவ மாணவர்க்கு வேண்டிய சொற்களை அவர் அன்றே தேடினார். நோயாளிக்கு வேண்டிய சொற்களை நாம் இன்னும் தொகுக்கவில்லை.

சுளுக்கு, நழுவல், முறிவு ஆகிய மூன்றையும் மலாய்ச் சொற்களுடன் ஒரே தாளில் அச்சிட்டு, நம் பள்ளிகளிலும் மருந்தகங்களிலும் வைக்குமாறு இம்மன்றத்தை வேண்டுகிறோம். எம் உறவினரின் கை இன்றும் முழுமையாக நீளவில்லை. அன்று சரியான சொல் கிடைத்திருப்பின், ஆறு நாள்களேனும் மிஞ்சியிருக்கும்.