பழுதுள்ள உறுப்புகளால் பழுதற்ற கணினி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடுகண்ணாவை மலைப்பாதையில் மண் சரிந்தால் கண்டிப் பயணம் நின்றுவிடுவதில்லை. அடைபட்ட இடத்தை அறிந்து, வேறு வழியால் வந்து சேருகிறோம். நனோ உறுப்புகளால் ஆகும் கணினியும் இவ்வாறே அமையவேண்டும் என்பதே நாம் இன்று கூற வந்தது.

ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றராகும். 1991 இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த காபன் நுண்குழாய்களில் மிக மெல்லியவற்றின் விட்டம் ஏறத்தாழ அவ்வளவே. எமது போகலைச் சுரங்கத்துக் காரீயமும் இதே காபன்தான். காரீயத்தின் ஓர் அணுத் தடிப்புள்ள தாளைச் சுருட்டினாற் போன்றது இக்குழாய்.

ஆயின், உருவாகும் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குறைகடத்தியாகாது உலோகத் தன்மை பெறுகிறது. அது புகுந்த திரான்சிஸ்டர் மின்னோட்டத்தை முற்றாக நிறுத்தாது. நிறுத்தவேண்டிய போது நிறுத்தாத ஆளியால் என்ன பயன்?

பழுதற்ற உறுப்பு வரும்வரை காத்திருப்பதா? ஒரே வேலையைப் பல உறுப்புகளுக்குக் கொடுத்துப் பெரும்பான்மை விடையை ஏற்கலாம் என 1952 இல் ஜோன் வொன் நியூமன் காட்டினார். அதற்கு உறுப்புகள் மிகப் பல வேண்டும். 1998 இல் ஹியூலெற் பக்கார்ட் ஆய்வாளர் விவரித்த தெராமக் கணினி வழக்கமான சில்லுகளால் ஆனது. அதில் ஏறத்தாழ 220,000 பழுதுகள் இருந்தன. அவற்றைச் சோதித்துக் குறித்து, விலக்கி இணைப்புகளை அமைத்தனர். சில அமைப்புகளில் அது உயர்தரத் தனிச்செயலிக் கணினியைவிட 100 மடங்கு விரைந்தது.

2019 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் 14,000 க்கு மேற்பட்ட நுண்குழாய்த் திரான்சிஸ்டர்களால் 16 பிற் செயலி ஒன்றை இயக்கினர். உலோகக் குழாயால் அதிகம் கெடும் தருக்கப் படலைச் சேர்க்கைகளைத் திட்டத்திலேயே விலக்கினர். அதனால் குழாய்களுக்கு வேண்டிய தூய்மை ஏறத்தாழ 10,000 மடங்கு தளர்ந்தது.

"சில்லு செய்யும் பேராலை எம்மிடம் இல்லையே" எனப் பெரியோர் கேட்கலாம். உண்மை. கருவி போதாது, வசதி போதாது என்று மாணவராகிய நாமும் சோர்ந்திருந்தோம். ஆனால் இவ்வெற்றிகளில் பாதி ஆலையிலன்று, திட்டத்தில் பிறந்தது. அதற்குக் கணிதமும் தருக்கமும் பொறுமையும் வேண்டும்; அவை பேராதனைக்கு எட்டாதவை அல்ல.

பெரியோர்களே, உடனே வேலை தரும் பாடத்தை மட்டும் படி என்னாது, எமக்குச் சிறிது காலம் தாருங்கள். இளைஞர்களே, குறையை எண்ணி நிற்காது, குறையைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டு நடப்போம்.