சகேயுவின் கணக்கு



பழைய திருநெல்வேலிச் சீமையில் ஜம்புலிங்கம் என்ற பெயரைக் கேள்விப்படாத பெரியவர்கள் குறைவு. இருப்பவரிடம் பறித்து இல்லாதவருக்குக் கொடுத்தவர் என்று பேர் வாங்கிய கொள்ளைக்காரர். பிடிபட்டுக் காவலில் இருந்தபோது, டோனாவூர் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரின் பழக்கத்தால் மனம் மாறி ஞானஸ்நானம் பெற்றார். அதன் பிறகும் சிறையிலிருந்து தப்பி ஓடினார். 1923-இல் போலீஸ் வேட்டையில் உயிர்போனது. அவர் கதையை அம்மையார் 1927-இல் புத்தகமாகவே எழுதினார்.

"அப்போ, அவர் திருந்தினதெல்லாம் பொய்தானே?" என்று கேட்பார்கள். நான் அப்படித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஞானஸ்நானத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும். 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் ஆயுள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான்.

ஆயுள் பூராவும் அழச் சொல்கிறாரா என்று பயப்பட வேண்டாம். மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்று காட்ட, லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் சகேயு வருகிறார். எரிகோவில் வரிவசூல்காரர்களுக்குத் தலைவர், பெரும் பணக்காரர். 'திருந்து, அப்புறம் வருகிறேன்' என்று இயேசு சொல்லவில்லை. முதலில் அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்பும். மோசேயின் சட்டப்படி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி அறுத்தவனோ விற்றவனோதான் நாலு ஆடு கொடுக்கவேண்டும். சகேயு தன்னைத் திருடன் வரிசையிலேயே நிறுத்திக்கொண்டார்.

பணத்தைத் திருப்பினால் மட்டும் தீர்ந்ததா? இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தவன்தான், போய் நான்றுகொண்டான். அவரை மூன்று முறை மறுதலித்த பேதுருவோ மனங்கசந்து அழுதார், பிறகு அதே இயேசுவின் முகத்தைப் பார்க்க வந்தார். அந்த வெட்கத்தைத் தாங்கிக்கொண்டு வந்ததில் இருக்கிறது வித்தியாசம்.

அழுதால் மட்டும் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. ராயகிரி, சிவகிரிப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஒவ்வொரு உழவுக்கும் வரப்பில் ஒரு மண்வெட்டி சீவினால், சில வருஷத்தில் ஒரு நாற்றங்கால் இடம் சத்தமில்லாமல் கைமாறிவிடும். சீவியவர் உபவாசக் கூட்டத்தில் முழங்காலில் நின்று அழலாம். அந்தக் கண்ணீர் உண்மையாகவும் இருக்கலாம். பக்கத்து வயல்காரருக்கு அதனால் ஒரு சாண் மண்கூடத் திரும்பி வராது.

நம் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்கள் பழைய பாவத்தைப் பத்து நிமிஷம் விஸ்தாரமாகச் சொல்கிறார்கள். யாரிடம் பறித்தோம், அவருக்கு என்ன செய்தோம் என்பது அரை நிமிஷம்கூட வருவதில்லை. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மைக்கைப் பிடிக்கும் முன்னால் அந்த ஆள் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.