கருப்புக்கொடிக்கும் கண் உண்டு!

(தியாகராயநகரில் இயக்கத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



இங்கு வரும் வழியில், மயிலைக் குளக்கரையில் பழைய நண்பர் ஒருவரைக் கண்டேன். நாள் தவறாமல் ஏடு படிப்பவர். நம்மோடு மாறுபடுவதை மறைக்காதவர். "எங்கே பயணம்?" என்றார். "அயல்நாட்டுத் தலைவர்கள் வருகையும் நமது கருப்புக்கொடியும் என்பது பற்றிப் பேசப் போகிறேன்" என்றேன். சிரித்தார். "விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அவருக்குக் கோயில் கண்ட ஊர் இந்த மயிலை. வீடு தேடி வருபவனுக்குக் கருப்புக்கொடி காட்டுவதுதான் தமிழ்ப் பண்போ?" என்று கேட்டார்.

கேள்வி கூர்மையானது. கேட்டவரும் பகைவரல்லர். ஆகவே பதில் கூறித்தான் ஆகவேண்டும்.

வீட்டுக்கு வருபவன் விருந்தினன். அவன் பசியறிந்து சோறிடுவது பண்பு. ஆனால், ஒரு நாட்டின் தலைவனை மற்றொரு நாட்டின் அரசு அழைக்கிறதே, சிவப்புக் கம்பளம் விரிக்கிறதே, அணிவகுப்பு நடத்துகிறதே, அது விருந்தோம்பலா? அன்று; அது அரசியல். "இவர் மதிப்புக்குரியவர், இவர் செய்தவற்றை நாங்கள் குறையாகக் கருதவில்லை" என்று உலகுக்கு அறிவிக்கும் சடங்கு அது. வரவேற்பு ஓர் அரசியல் கருத்து என்றால், மறுப்பும் ஓர் அரசியல் கருத்தே! அரசு கம்பளத்தால் பேசுகிறது. ஆட்சியில் இல்லாத மக்கள் கொடியால் பேசுகிறார்கள். அவர்களிடம் வேறென்ன இருக்கிறது?

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த முறையும் அன்று. 1928 பிப்ரவரி 3 அன்று சைமன் குழு பம்பாயில் கரையிறங்கியது. இந்தியாவின் எதிர்காலத்தை ஆராய வந்த அக்குழுவில் இந்தியர் ஒருவர்கூட இல்லை! அன்று சென்னையில் கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு. நீட்டிய துப்பாக்கியின் முன்னே மார்பைத் திறந்து காட்டினார் பிரகாசம். அந்தக் காட்சியை நாடு இன்னும் மறக்கவில்லை.

ஆனால், தோழர்களே, அதற்கு ஆறாண்டு முன்பு நடந்த ஒன்றையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். 1921 நவம்பரில் வேல்ஸ் இளவரசர் பம்பாய்க்கு வந்தார். புறக்கணிப்பு, கலவரமாக மாறிற்று. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மனம் நொந்து உண்ணாநோன்பு இருந்தார் காந்தியார். அந்தப் பாடத்தைச் சென்னை கற்றதா? இல்லை. 1922 ஜனவரி 13 அன்று இளவரசர் இங்கு வந்தபோது, கடையடைப்போடு நின்றிருந்தால் அது பெரும் வெற்றி. ஆனால், கூட்டம் மவுண்ட் ரோட்டில் வெலிங்டன் திரையரங்கைத் தாக்கியது. நாம் கூடியிருக்கும் இந்த நகருக்குப் பெயர் தந்த தியாகராயரின் வீட்டையும் சூழ்ந்துகொண்டது. மறுநாள் பேசப்பட்டது அடிமைத்தனமா? அன்று, உடைந்த கண்ணாடி!

கொடி ஏந்தியவன் கல் ஏந்தினால், கல்தான் கணக்கில் வரும், கொடி வராது. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

நம் காலத்துக்கு வருவோம்.

2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு, 2011இல் வெளியான தன் அறிக்கையில், இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றது. போரை நடத்திய அரசின் தலைவர் மகிந்த ராசபக்சே. அவருக்கு இந்தியாவில் கிடைத்த வரவேற்புகளை எண்ணிப் பாருங்கள். 2010 அக்டோபரில் டில்லி காமன்வெல்த் விளையாட்டின் நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். 2012 செப்டம்பர் 21இல் சாஞ்சியில் பௌத்தப் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல். 2013 பிப்ரவரியில் புத்தகயாவும் திருப்பதியும். 2014 மே 26இல் டில்லியில் புதிய பிரதமரின் பதவியேற்பு விழா. டில்லியில் ஆட்சி மாறிற்று. அழைப்பு மட்டும் மாறவில்லை!

தமிழ்நாடு வாளாவிருந்ததா? இல்லை. சாஞ்சி நோக்கிப் பேருந்துகளில் தொண்டர்களுடன் புறப்பட்ட வைகோவை மத்தியப் பிரதேச எல்லையில் தடுத்தார்கள். சாலையிலேயே அமர்ந்தார் அவர். 2013 பிப்ரவரியில், முதுமையிலும் கருஞ்சட்டை அணிந்து சென்னையில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார் கலைஞர். 2014இல் பதவியேற்பு விழாவைப் புறக்கணித்தார் முதலமைச்சர் ஜெயலலிதா. ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் இவர்கள். இந்த ஒன்றில் ஒத்துநின்றார்கள்.

பயன் என்ன என்று கேட்பார் உண்டு. கடல் கடந்து பாருங்கள். 2010 டிசம்பரில் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தில் ராசபக்சே பேசுவதாக இருந்தது, தமிழர்கள் திரண்டார்கள், கூட்டம் கைவிடப்பட்டது. 2012 ஜூனில் இலண்டனில் காமன்வெல்த் வணிக மாநாட்டில் பேசுவதாக இருந்தது, அதுவும் கைவிடப்பட்டது. இங்கே, 2013 மார்ச்சில் இலயோலா கல்லூரி மாணவர் எண்மர் உண்ணாநோன்பு தொடங்கினர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாலச்சந்திரனின் படம் அப்போதுதான் உலகின் உறக்கத்தைக் கலைத்திருந்தது. எண்மரின் நோன்பு மாநிலம் தழுவிய மாணவர் எழுச்சியாயிற்று; கல்லூரிகளை மூடியது அரசு. 2012, 2013 ஆகிய ஈராண்டும் ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது இந்தியா. 2013 நவம்பரில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. கொடியும் நோன்பும் செய்த வேலையில் இவையும் அடங்கும். அவற்றை நான் குறைத்துக் கூறமாட்டேன்.

ஆனால், நம் முகத்தை நாமே கண்ணாடியில் பார்க்கவேண்டாமா?

2012 செப்டம்பரில் பந்து விளையாட வந்த இலங்கைப் பள்ளிச் சிறுவர்களைத் திருப்பி அனுப்பினோம். அதே வாரம், பூண்டி மாதா கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் ஊர் திரும்பும் வழியில், திருச்சி அருகே அவர்களின் பேருந்துகள் தாக்கப்பட்டன. 2013 மார்ச்சில் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் ஒரு பௌத்தத் துறவி அடிக்கப்பட்டார். அந்தச் சிறுவர்கள் எந்தப் பதுங்குகுழி மீது குண்டு வீசினார்கள்? மாதாவை வணங்க வந்த மூதாட்டி எந்த ஆணையில் கையெழுத்திட்டாள்?

இதனால் ஆதாயம் அடைந்தது யார்? ராசபக்சே! "பாருங்கள், தமிழர்கள் என்னை வெறுக்கவில்லை, சிங்களவர் அனைவரையும் வெறுக்கிறார்கள்" என்று தம் மக்களிடம் சொல்ல, கையில் சான்றைக் கொடுத்தவர்கள் யார்? நம்மவரில் சிலர். எவரை எதிர்க்கப் புறப்பட்டோமோ, அவருக்கே அரண் அமைத்துக் கொடுத்தோம்.

கடற்கரையில் கையில் சிலம்போடு நிற்கிறாளே கண்ணகி, அவளைக் கேளுங்கள். அவள் முதலில் எங்கே போனாள்? அரண்மனைக்கு. எதைக் கொண்டு போனாள்? சான்றை. யாரிடம் நீதி கேட்டாள்? மன்னனிடம். பின்னர் மதுரையை எரித்தபோதும் தீக்கு ஆணையிட்டாள்: அறவோரைத் தொடாதே, முதியோரைத் தொடாதே, குழந்தைகளைத் தொடாதே, தீயோர் பக்கமே செல் என்று. கணவனைப் பறிகொடுத்தவளின் சினத்துக்கே கண் இருந்தது, தோழர்களே! நமது கொடிக்குக் கண் இருக்கவேண்டாமா?

இன்னொரு தீயைப் பற்றியும் பேசவேண்டும். பேச நாக்கு எழவில்லை. 2009 ஜனவரி 29 அன்று, இங்கிருந்து நடந்தே போகும் தொலைவில், சாஸ்திரி பவன் முன்னே, முத்துக்குமார் தன்னை எரித்துக்கொண்டான். 2012இல் சாஞ்சி வருகையை எதிர்த்துச் சேலத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் அவ்வாறே மாண்டார். அவர்களை வணங்குகிறேன், வழியை ஏற்கமாட்டேன். சாம்பலைக் கண்டு எந்த ஆளவந்தாரும் விமானத்தைத் திருப்பியதில்லை. சாஞ்சியில் அடிக்கல் நடப்பட்டது. சேலத்தில் ஒரு குடும்பம் சரிந்தது. கொடி பிடிக்கக் கை வேண்டும், முழங்கத் தொண்டை வேண்டும், நாளையும் வர உயிர் வேண்டும். எரியவேண்டாம், தம்பிகளே, உங்கள் தாய்மார்கள் சார்பில் இதைக் கேட்கிறேன். இருந்து போராடுங்கள்!

அடுத்தது, நம் நேர்மைக்கான சோதனை. 2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங் சென்னைக்கு வந்தார். கிண்டி விடுதியில் தங்கி, சர்தார் பட்டேல் சாலை, மத்திய கைலாஷ் வழியே மாமல்லபுரம் சென்றார். அடையாற்று மக்கள் தடுப்புக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதே நாளில், அந்த விடுதி வாயிலில் முழக்கமிட்ட திபெத்திய இளைஞர்கள் சிலரைக் காவலர்கள் இழுத்துச் சென்றார்கள். அதற்கு முன்பே தாம்பரம் பக்கம் திபெத்திய மாணவர்கள் சிறைப்படுத்தப்பட்டார்கள். நாடிழந்தவர்களின் கொடி அது! நம்மில் எத்தனை பேர் ஒரு சொல் சொன்னோம்? பந்தலின் அழகைப் பேசினோம். வேட்டியில் வந்த பிரதமரைப் பேசினோம். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைப் பேசவில்லை. கருப்புக்கொடி காட்டும் உரிமை தமிழனுக்கு மட்டும் உரியதென்றால், அது உரிமையல்ல, சலுகை. சலுகையை அளித்தவன் எந்நாளும் பறிக்கலாம்.

முடிக்குமுன் ஒன்று. 2022இல் இலங்கையில் அரிசி இல்லை, மருந்து இல்லை, பால்மாவு இல்லை. அவ்வாண்டு மே 18 அன்று, ஆம், முள்ளிவாய்க்கால் நினைவு நாளன்றே, சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டின் முதல் கப்பல் புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால்மாவு, 24 டன் மருந்து. தமிழருக்கென்று தனியே வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? ஈழத் தமிழர் தலைவர்களே! அடிபட்டவனின் பெருந்தன்மை அது.

இரண்டு திங்கள் கழியவில்லை. ஜூலை 9 அன்று, போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலராக இருந்து அதிபரான கோத்தபய ராசபக்சேயின் மாளிகைக்குள் மக்கள் வெள்ளம் புகுந்தது. 13 அன்று நாட்டை விட்டே ஓடினார். மறுநாள் பதவி துறந்தார். துரத்தியவர்களில் பெரும்பாலோர் சிங்கள மக்கள்! நாம் பகையென எண்ணிக் கல்லெறிந்தோமே, அந்தப் பேருந்தில் இருந்தவர்களின் பிள்ளைகளும் அந்த வெள்ளத்தில் இருந்திருக்கக்கூடும். முள்ளிவாய்க்காலுக்கு நீதி அதனால் கிடைத்துவிடவில்லை. அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஆனால், ஆள்வோர் வேறு, மக்கள் வேறு என்பதை அந்நாள் நமக்குக் காட்டிற்று.

அந்தச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்று வணங்குவது யாரை? நம் கண்ணகியை!

ஆகவே, குளக்கரை நண்பருக்கு என் பதில் இது: குருதிக் கறை படிந்த ஆட்சியாளருக்கு நாளையும் கம்பளம் விரிப்பார்கள், நாளையும் கருப்புக்கொடி காட்டுவோம். அது எங்கள் உரிமை. ஆனால், அந்தக் கொடி அரண்மனை வாயிலில் உயரும். யாத்திரிகன் தலைமீது தடியாய் இறங்காது. பசித்து வருபவனுக்கு, அவன் எம்மொழி பேசினாலும், இலை போடுவோம். வள்ளுவர் கேட்ட விருந்தோம்பல் அதுதான்.

கொடி எடுத்துச் செல்லுங்கள், தோழர்களே. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செல்லுங்கள்.