விழுந்ததைச் சொல்லாத தாய்மார்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் பாடசாலையின் நூறு ஆண்டுகளைப் பற்றி மற்றவர்கள் அழகாகப் பேசிவிட்டார்கள். வைத்தியத் தொழிலுக்குப் போன பழைய மாணவிகள் சார்பில், நம்மை இந்தப் பாடசாலைக்கு அனுப்பிவைத்த தாய்மாரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளர் அனுமதிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளாகவே முதற்காரணம் காயங்கள்தான். காயம் என்றதும் கண்டி வீதி விபத்துகளே நினைவுக்கு வரும். ஆனால் விழுந்து வருபவர்களும் ஏராளம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாவனல்லைப் பக்கம் ஆண்கள் கித்துள் சீவவும் கராம்பு பறிக்கவும் பலாக்காய் இறக்கவும் ஏறி விழுகிறார்கள். தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய்ச் சரிவில் வழுக்குகிறார்கள். நம் தாய்மாரோ வீட்டுக்குள்ளேயே விழுகிறார்கள். சுபஹுக்கு எழும்பி வுளூச் செய்துவிட்டு ஈரக்காலோடு திரும்பும்போது. இருட்டில் லயத்துப் படியில் இறங்கும்போது. பிள்ளைகள் ஆசையாகப் போட்டுக்கொடுத்த டைல்ஸ் தரையில் தண்ணீர் சிந்தியிருக்கும்போது.

65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்வதால், சிறு வழுக்கலிலும் தொடையெலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்துவிடும். விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது முறிவாக இருக்கலாம். எண்ணெய் தடவிப் பத்துப் போட்டுப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணும் சளிக்காய்ச்சலும் இரத்தக்கட்டியும் வரும். தாமதியாமல் கொண்டுவந்து ஓரிரு நாளில் சத்திரசிகிச்சை செய்தால் பலர் மீண்டும் நடக்கிறார்கள்.

ஆனால் பெரிய விழுகைக்கு முன் பெரும்பாலும் சின்ன விழுகைகள் நடந்திருக்கும். அதை அவர்கள் சொல்வதில்லை. சொன்னால் தனியே இருக்க விடமாட்டார்கள், வளவுக்குள் இறங்க விடமாட்டார்கள், ஊரைவிட்டுக் கூட்டிப்போய்விடுவார்கள் என்ற பயம். ஆகவே தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா" என்று கேட்கும் நாம், "இந்த மாசம் எங்கேயாவது கால் வழுக்கிச்சா?" என்றும் கேட்போம். ஆம் என்றால் ஏசாமல் கேட்போம். "இனி நடக்கவே வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதிருப்போம். நடவாத கால் பலமிழந்து இன்னும் விழும்.

செய்யவேண்டியவை சின்ன வேலைகள்தான். கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவு முழுக்க ஒரு சிறு வெளிச்சம். குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி. நழுவும் கால்மிதியை அகற்றி, வழுக்காத செருப்பு. கண்ணில் புரை இருந்தால் சிகிச்சை. எழும்பும்போது தலை சுற்றினால், பிரஷர் குளிசையையும் நித்திரைக் குளிசையையும் கிளினிக்கில் காட்டி ஆலோசனை. முடிந்தவர்கள் தினமும் பத்துமுறை கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி உட்காரலாம்.

விழுந்துவிட்டால், கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் தூக்கி நிறுத்தக் கூடாது. 1990 ஐ அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் இன்று நாடெங்கும் ஓடுகிறது. இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சகோதரிகளே, அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது சொக்லேட்டும் சேலையும் கொண்டுவருவோம். அவற்றோடு மாவனல்லைக் கடைவீதியில் ஒரு கைப்பிடியும் வாங்கி, ஒரு மேசனைக் கூப்பிட்டு, திரும்பிப் போகுமுன் சுவரில் பூட்டிவிட்டே போவோம்.