சுருக்கலாம்... அழிக்கலாமா?

நடுவர் அவர்களே, கெலாங் பாத்தாவிலிருந்து வருகிறேன். 2022இல் தங்கை கல்யாணத்தை ஐபோனில், 4கே புரோரெஸ் முறையில் எடுத்தேன். நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி! அரைமணியில் 180 ஜிபி, கைப்பேசி நிறைந்துவிட்டது. குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டு, மூலத்தை அழித்தேன். அனுப்பியது சுருங்கிப் போயிருந்தது. தாலி கட்டும்போது கண்கலங்கிய அப்பாவின் முகம் மங்கல். இன்று அப்பா இல்லை.

சுருக்குவது தப்பில்லை, ஐயா. ஹெச்இவிசி முறையில் 4கே படம் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பிதான். வீட்டில் பார்க்கத் தாராளம். 2023இல் வந்த ஐபோன் 15 புரோ முதல், புரோரெஸ் படத்தை வெளிவட்டிலேயே நேராகப் பதியலாம்.

சுருக்கிய பிரதி சொந்தபந்தங்களுக்கு. மூலம் இரண்டு வட்டுகளில்: ஒன்று நம் வீட்டில், மற்றொன்று இரண்டாம் பாலம் தாண்டி சிங்கப்பூர் அக்கா வீட்டில். இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே கைப்பேசியில் அழியுங்கள். (கைதட்டல்)