பாசறை பள்ளிக்கூடமான கதை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

வேலை முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீண்ட பிரசங்கம் செய்து உங்களை வாட்ட நமக்கு விருப்பமில்லை. ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்லப்போகிறோம்.

அந்தக் கட்டடம் கியூபா தீவில் இருக்கிறது. 1959-க்கு முன்பு அந்த நாட்டின் ஜீவனமே கரும்பும் சர்க்கரை ஆலையும்தான். வருஷத்தில் சில மாதங்கள் கரும்பு வெட்டு. மற்ற மாதங்களில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்குக் கியூபாக்காரர்கள் வைத்த பெயர் 'செத்த காலம்'. அறுவடை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் நம் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுமா?

தீவின் கிழக்கே ஸாந்தியாகோ நகரம். அங்கே ஸ்பெயின்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பட்டாள முகாம் கட்டினார்கள். தங்கள் ராணி மெர்ஸிடஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். விடுதலை கேட்ட கியூபாக்காரர்களை அதற்குள் அடைத்தார்கள். அப்படி அடைபட்டவர்களில் ஒருவர் கில்லெர்மோ மொன்காடா. அவர் கறுப்பு இனத்தவர், தச்சுத் தொழிலாளி, உளி பிடித்த கையால் வாள் பிடித்து, விடுதலைப் படையின் தளபதியானவர். 1895-ல் காசநோயால் இறந்தார்.

ஸ்பெயின்காரன் போனான். முகாமுக்கு அந்தத் தச்சரின் பெயரே வந்தது. 1937-ல் அது தீப்பற்றி எரிந்தது. 1938-ல் மறுபடியும் கட்டி எழுப்பினார்கள். பெயர் மாறியது, கட்டடமும் புதிதாயிற்று. ஆனால் துப்பாக்கி யாரைக் குறி பார்த்தது? அதே ஏழையைத்தான்! 1952-ல் பாடிஸ்டா என்ற தளபதி ஆட்சியைக் கைப்பற்றினான். நாட்டின் இரண்டாவது பெரிய பாசறையான மொன்காடா அவனுடைய ஆட்சிக்குத் தூணாக நின்றது.

1953 ஜூலை 26. ஸாந்தியாகோவில் திருவிழாக் காலம். விடியற்காலையில் பிடல் காஸ்ட்ரோவின் தலைமையில் இளைஞர்கள் மொன்காடாவைத் தாக்கினார்கள். அதே நாளில் பயாமோ ஊரின் முகாமையும் தாக்கினார்கள். இரண்டு இடத்துக்கும் சேர்த்துச் சுமார் 160 பேர். அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்கள். எதிரே, மொன்காடாவில் மட்டும் பல நூறு சிப்பாய்கள். தாக்குதல் தோற்றது.

அதற்குப் பின் நடந்ததுதான் கொடுமை. சண்டையில் விழுந்தவர்கள் சிலரே. பிடிபட்ட பிறகு கொல்லப்பட்டவர்கள் 50-க்கும் மேல். பக்கத்து ஆஸ்பத்திரியைப் பிடித்திருந்த ஆபெல் ஸாந்தமரியா கணக்கெழுதும் குமாஸ்தா, வயது 25. அவரைப் பாசறைக்குள் இழுத்துப்போய்ச் சித்திரவதை செய்து கொன்றார்கள். பிற்பாடு காஸ்ட்ரோவைப் பிடித்த ஸாரியா என்ற லெப்டினன்ட், அவரைப் பாசறைக்குக் கொண்டுபோக மறுத்து, நகரச் சிறைக்குக் கொண்டுபோனார். பாசறைக்குள் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்பது அந்த ராணுவ உத்தியோகஸ்தருக்கே தெரிந்திருந்தது!

பிறகு ராணுவம் என்ன செய்தது? சுவரில் குண்டு பாய்ந்த துளைகளைப் பூசி மெழுகியது. பூச்சு காய்ந்தால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தது.

ஜனங்கள் மறக்கவில்லை. 1959 ஜனவரி 1-ஆம் தேதி பாடிஸ்டா நாட்டை விட்டு ஓடினான். ஹவானாவில் இருந்த மிகப் பெரிய பாசறையான கொலம்பியா முகாமின் விமானத் தளத்திலிருந்துதான் ஓடினான். அதே முகாம் அவ்வருஷம் செப்டம்பர் 14-ல் கல்வி இலாகாவின் கைக்கு வந்தது. 'விடுதலை நகரம்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1960 ஜனவரி 28 அன்று, விடுதலைப் போரின் தலைவர் ஹோஸே மார்த்தியின் பிறந்த நாளில், மொன்காடாவும் பள்ளிக்கூடமாயிற்று. சிப்பாய் படுத்த கூடத்தில் பெஞ்சு வந்தது. அணிவகுப்பு மைதானத்தில் பிள்ளைகள் ஓடியாடினார்கள்.

தோழர்களே, கட்டடத்தை மாற்றுவது சுலபம். கல்லும் சுண்ணாம்பும் எதிர்த்துப் பேசாது. பள்ளிக்கூடம் எட்டாத மலைக்கிராமத்துக் கூலியாளை என்ன செய்வது? 1953 கணக்குப்படி கியூபாவில் எழுதப் படிக்கத் தெரியாதவர் நூற்றுக்கு 23-க்கு மேல். கிராமப்புறத்தில் 40-க்கும் மேல். 1961-ல் லட்சம் இளைஞர்கள் கையில் விளக்கும் அரிச்சுவடியுமாகக் கிராமங்களுக்குப் போனார்கள். பகலில் குடியானவனோடு வயலில் உழைத்தார்கள். இரவில் அவனுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். ஒரே வருஷத்தில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றார்கள். பாசறை பள்ளிக்கூடமானதன் முழு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

இதனால் கியூபாவின் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 1962 முதல் அமெரிக்க வர்த்தகத் தடை அந்த நாட்டின் கழுத்தை நெரிக்கிறது. மின்சாரத்துக்கும் மருந்துக்கும் அங்கே தட்டுப்பாடு உண்டு. ஸாந்தியாகோவுக்குக் கிழக்கே குவாந்தநாமோ விரிகுடாவில் 1903 முதல் அமெரிக்கக் கடற்படைத் தளம் உட்கார்ந்திருக்கிறது. கியூபா போகச் சொல்லியும் அது போகவில்லை. அந்தப் பாசறை இன்னும் பள்ளிக்கூடமாகவில்லை!

மொன்காடாவின் ஒரு பகுதியை 1967-ல் காட்சிசாலை ஆக்கினார்கள். ராணுவம் பூசி மறைத்த குண்டுத் துளைகளைச் சுவரில் மறுபடியும் உண்டாக்கினார்கள். ஏன்? புத்தகப் பையோடு வரும் பிள்ளை, இந்த பெஞ்சு யாருடைய ரத்தத்தில் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

நாளைக் காலையில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா? ஆசிரியர் போதுமான பேர் இருக்கிறார்களா? பள்ளியில் இருக்க வேண்டிய எந்தப் பிள்ளை கூலி வேலைக்குப் போகிறது? எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர் பக்கத்திலுள்ள தோழரிடம் சொல்லி எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் பேசப்போகிறோம்.