தேத்தண்ணி வேறு, தண்ணி வேறு

(ஒலுவில் துறைமுகக் கரையில் நடந்த அங்கத்தவர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இங்குள்ள பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "குடிப்போம், சீனி கொஞ்சம் கூடப் போடுங்க" என்று எங்கள் கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் கையில் இருந்ததோ பச்சைத் தண்ணீர். அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆனால் இன்றைக்குப் பேச வேண்டிய விஷயம் அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருக்கிறது. மலையில் தண்ணி என்றால் தேத்தண்ணிதான். "தண்ணி வச்சாச்சா?" என்று கேட்டால் கேத்தல் அடுப்பில் ஏறிவிட்டதா என்று அர்த்தம். வெறும் தண்ணீருக்கு எங்கள் பேச்சில் பாதி இடம்கூட இல்லை.

உடல் நிறையைப் பற்றிப் பேசச் சொன்னபோது தோழர் ஒருவர் கேலி செய்தார். "தோட்டத்தில் நிறை என்றால் கொழுந்து நிறைதானே? நம்மை யார் நிறுத்தார்கள்?" என்றார். அது உண்மைதான். கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள். ஈரம் என்று கழிக்கிறார்கள், கூடை என்று கழிக்கிறார்கள், ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறிக்கிற மனுசியைக் கர்ப்பமாக இருக்கிற காலத்தில் கிளினிக்கில் நிறுப்பதோடு சரி. பிறகு நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் சீனி வருத்தம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் அடுத்த தடவை தராசில் ஏறுகிறாள்.

எங்கள் லயங்களில் இரண்டு விதமான நிறைப் பிரச்சினையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3 பேர். தோட்டப் புறத்தில் 31.7 பேர். பிள்ளை இப்படி வளராமல் நிற்கும் அதே வீட்டில் மலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டிக்கு இடுப்பு பெருத்து முழங்கால் வலிக்கிறது. ஒன்று பட்டினி, மற்றது கொழுப்பு என்று இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு பேர் கையிலும் இருப்பது அதே கோப்பை, அதே சீனித் தண்ணி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாத்திமார் புத்தி அப்படித்தான். விடிய ஒரு பிளேன்டீ, பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பகல் சாப்பாட்டோடு ஒன்று, வேலை விட்டு வந்து ஒன்று. ஐந்து ஆயிற்று. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, கரண்டிக்கு ஏறக்குறைய 5 கிராம் சீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 75 கிராம், மாதத்துக்கு ஒருவருக்கு இரண்டேகால் கிலோ. ஒரு கிராம் சீனியில் 4 கலோரி இருப்பதால் நாளுக்கு 300 கலோரி, அதாவது ஒன்றரைக் கப் சோறு. இந்தச் சோற்றை யாரும் தட்டில் பார்க்கவில்லை, அதனால் யாரும் கணக்கில் எடுப்பதும் இல்லை. சாதாரண வளர்ந்த ஆளுக்கு இப்படிச் சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது, 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு.

இதைச் சொல்லி எங்கள் ஆட்களைக் குற்றம் சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. காலையில் ஒரு ரொட்டித் துண்டோடு மலை ஏறுகிறவளுக்கு அந்தச் சீனிதான் பெட்ரோல். சம்பளம் குறைந்த இடத்தில் சீனி கூடும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் இப்படித்தான் சூடான சாப்பாட்டுக்குப் பதில் சீனி போட்ட தேத்தண்ணி குடித்து வேலை முடித்தார்கள். அவர்கள் குடித்த தேயிலையில் எங்கள் பாட்டன் பூட்டன் பறித்ததும் இருந்தது. ஆகவே சீனியைக் குறை என்று மட்டும் சொல்லிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் வழி சொல்லாமல் போகிற புத்திமதியை நாங்கள் மதிப்பதில்லை.

சரி, தண்ணீர் குடித்தால் உடம்பு மெலியுமா? மெலியும் என்று சொல்லி விற்கிறவர்கள் நிறைய. சுடுதண்ணீரில் தேசிக்காய் பிழிந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார்கள். தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது, தேசிக்காயும் கரைக்காது. தண்ணீரில் கலோரி இல்லை என்பதுதான் அதன் பலம். சீனித் தண்ணி குடிக்கும் இடத்தில் வெறும் தண்ணீர் வந்தால் அந்த 300 கலோரி உள்ளே போகாது, அவ்வளவுதான். இன்னொன்றையும் பரிசோதித்திருக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு அது. 55 முதல் 75 வயது வரையான, நிறை கூடிய 48 பேருக்குச் சாப்பாட்டு அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஒவ்வொரு பிரதான வேளைக்கும் முன் அரை லீற்றர் தண்ணீர் குடித்தார்கள். 12 வாரம் முடிந்தபோது தண்ணீர் குடித்தவர்களுக்கு மற்றவர்களைவிட 2 கிலோ அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது. சாப்பாட்டையும் குறைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. வயிறு கொஞ்சம் நிரம்பியிருந்தால் கை தானாக நிற்கும். வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கைத் தண்ணீருக்கு ஒதுக்கச் சொல்லும் நபிமொழியை இங்குள்ள உறவுகள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

தாய்மாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் நிரப்புவது நிறை கூடிய பெரியவர்களுக்கு. வளராத பிள்ளைக்கு இதைச் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு முதலில், தண்ணீர் பிறகு. சாப்பாட்டுக்கு முன் சீனித் தேத்தண்ணி கொடுப்பது அதைவிட மோசம். பசி செத்துவிடும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். இரத்தம் காணாது என்று கிளினிக்கில் சொல்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது.

இந்த வெயிலில் நிற்கிறபோது இன்னொன்றும் நினைவு வருகிறது. அம்பாறைக்கு வரும் வழியில் கரும்பு வெட்டுகிற தொழிலாளர்களைப் பற்றிப் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தோம். ஒரு நாள் வியர்வையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ நிறை குறையும். அது கொழுப்பு குறைந்தது அல்ல, தண்ணீர் போனது. குடித்தால் திரும்பி வரும், குடிக்காவிட்டால் சிறுநீரகத்தில் போய் நிற்கும். மத்திய அமெரிக்காவில் எல்சல்வடோர், நிக்கராகுவா கரும்புத் தோட்டங்களில் இள வயது ஆண்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் கொடுத்து வேலை வாங்கும் திட்டம் வந்தது. எங்கள் மலையில் குளிர், தாகம் தெரியாது. தாகம் தெரியவில்லை என்பதற்காக உடம்பு தண்ணீர் இழக்கவில்லை என்று ஆகாது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் காணாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி எங்கள் வகுப்பறைக் கதை. ஒரு நாள் பிள்ளைகளிடம் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்கச் சொன்னோம். பாதிக்கு மேல் போத்தல்களில் தேத்தண்ணி. சிலதில் கடையில் வாங்கிய சிவப்புச் சாயத் தண்ணி. 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவுக்கு நிறம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமிலிருந்து 11 வரை மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. பிள்ளைகளுக்கு அதை வாசிக்கப் பழக்கினோம். மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். 10 கிராம் மஞ்சள்தான், 400 மில்லிப் போத்தல் முழுதும் குடித்தால் எட்டுக் கரண்டி சீனி.

"ஏன் தண்ணீர் கொண்டு வருவதில்லை?" என்று கேட்டோம். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "பீலித் தண்ணி குடிச்சா வயித்து வலி வருது டீச்சர், கொதிக்க வச்சா விறகு போயிரும், எப்படியும் கொதிக்க வைக்கிறதுன்னா தேத்தண்ணியே போடலாமுன்னு அம்மா சொல்லுது" என்றாள். அந்தத் தாய் சொன்னதில் பிழை இல்லை. சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் தேத்தண்ணிதான் கொதித்த தண்ணீர். பிறகு பெற்றோர் முறை வைத்து விறகு தந்தார்கள். பிள்ளைக்காம்பரா அடுப்பில் கொதிக்க வைத்து, மூடி போட்ட பானையில் வகுப்புக்குள் வைத்தோம். இரண்டு வாரத்தில் பானை பத்து மணிக்கே காலியாகிற நிலை வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மேலே மலையில் அடித்த மருந்து போகாது. அதனால் பீலிக்குத் தண்ணீர் வருகிற ஊற்றைச் சுற்றி மருந்து அடிக்காதே என்று கேட்பதும் சங்க வேலைதான்.

பானை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் சாட்சி இருக்கிறது. டோட்மண்ட், எஸ்ஸன் என்ற இரண்டு தொழிலாளர் நகரங்களில், வசதி குறைந்த பகுதிகளின் 32 ஆரம்பப் பாடசாலைகளில் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு கவனித்தார்கள். ஒரு பகுதிப் பாடசாலைகளில் குடிதண்ணீர்க் குழாய் வைத்து, தண்ணீரைப் பற்றி நாலு பாடம் நடத்தினார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளுக்கு நிறை கூடும் ஆபத்து மற்றவர்களைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. சீனியைத் தடை செய்யவில்லை, பிள்ளைகளை ஓட விடவுமில்லை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்தார்கள்.

மலையில் அந்தத் தூரம்தான் பிரச்சினை. ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: "தண்ணி குடிச்சா போகணும் டீச்சர், எங்க போறது? தேயிலைக்குள்ள ஒதுங்கினா அட்டை, பாம்பு, மேலே கங்காணி." அதனால் விடிய ஒரு தேத்தண்ணி, பிறகு வேலை விடும்வரை தொண்டை நனைக்க ஒரு வாய். அதையும் சீனி போட்டுக் குடிக்கிறார், ஒரே வாயில் தெம்பு வர வேண்டுமே. நீர்க்கடுப்பு, கல், தலைச்சுற்று எல்லாம் அந்த அக்காவுக்கு இருக்கிறது. இவரிடம் போய் "நிறையத் தண்ணீர் குடியுங்கள், உடம்பு குறையும்" என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மலசலகூடம் இல்லாத மலையில் தண்ணீர் குடிக்கச் சொல்வது தண்டனை.

இந்தியாவில் 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிதண்ணீரையும் மலசலகூடத்தையும் அடுத்தடுத்த பிரிவுகளில் வைத்தது. வசதியான இடங்களில் போதுமான நல்ல தண்ணீர் தருவது தோட்ட முதலாளியின் கடமை என்று எழுதியது. எழுதியதெல்லாம் நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்தார்களே, அந்தப் புத்தி நமக்கு வேண்டும். 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் குடிதண்ணீர், சுகாதார வசதி இரண்டையும் ஒரே தீர்மானத்தில் மனித உரிமை என்று ஏற்றது.

இந்தத் துறைமுகத்தைப் பாருங்கள். 2008இல் வேலை தொடங்கி, டென்மார்க் கடனில் கட்டி, 2013இல் திறந்தார்கள். வாயில் மணல் மூடிப் படகு போக வழியில்லாமல் மீனவர்கள் தவித்தார்கள், பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. கடலில் தொழில் செய்கிறவரை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று இங்குள்ள உறவுகள் சொல்வதைப் பகல் முழுக்கக் கேட்டோம். எங்கள் தோட்டங்களிலும் தண்ணீர்த் தாங்கி கட்டித் திறப்பு விழா வைக்கிறார்கள், ரோட்டோரத்தில். கொழுந்து பறிக்கும் மலைக்கு அங்கிருந்து அரை மணி நேர ஏற்றம். தாங்கி எங்கே வர வேண்டும் என்று பறிக்கிற பெண்களைக் கேட்டிருந்தால் இடம் காட்டியிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத் தலைவியும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு மூன்று விபரம் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் மலையில் குடிதண்ணீர் எத்தனை நிமிட நடையில் இருக்கிறது? மலசலகூடம் எத்தனை நிமிடம்? அந்தத் தண்ணீரைக் கடைசியாக யார், எப்போது பரிசோதித்தார்கள்? நிருவாகத்தோடு பேசப் போகும்போது சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த வரியில் இதை வைக்கப் போகிறோம். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, கோப்பைக்கு மூன்று கரண்டியை இரண்டாக்குவது. ஒரு மாதம் நாக்கு முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். எங்கள் பாட்டி சீனியை உள்ளங்கையில் வைத்துத் தொட்டு நக்கித்தான் குடித்தார், ஒரு கரண்டி முழுக் கோப்பைக்கும் காணும்.

பஸ் நாலு மணிக்கு வெளிக்கிடும். பள்ளிவாசல் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது, போத்தல்களை நிரப்பிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வழியில் மலசலகூடத்துக்கு இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லிச் சாரதித் தம்பியிடம் பேசியாயிற்று, அதனால் பயப்படாமல் குடியுங்கள்.